பெஸ்டியும் ஞானத்தாயும்

(பாஸ்கா காலம் 6-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: யோவான் 15:9-17)



ஆண்டவர் தம் பாடுகளுக்கு முந்திய இரவில் பந்தியில் அமர்ந்து பேசியவற்றின் ஒரு பகுதிதான் இன்றைய நற்செய்தி. அதுவரை சீடர்கள் அவரைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைத்துவந்தார்கள். அவரும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவில் அவர்களுக்குப் புதிதாக ஒரு பெயர் சூட்டுகிறார். பணியாளர் என்ற பெயரை எடுத்துவிட்டு நண்பர் என்ற பெயரை வைக்கிறார்.

இளைஞர் கூட்டங்களில் இந்த வாசகத்தைப் படித்தவுடன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: "அப்போ ஜீசஸ் நமக்கு பெஸ்டியா ஃபாதர்?" எல்லாரும் சிரிப்பார்கள். நாமும் சிரிப்போம். ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். ஆண்டவர் வைத்த பெயரை இன்றைய பிள்ளைகள் தங்கள் வாயில் புழங்கும் சொல்லால் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்தச் சொல் அந்தப் பெயரைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

தாத்தா பாட்டிகளுக்காக ஒரு விளக்கம். 'பெஸ்டி' என்பது 'பெஸ்ட் ஃப்ரெண்ட்' என்பதன் செல்லச் சுருக்கம். 'ப்ரோ' என்பது 'பிரதர்' என்பதன் பாதி. 'பி.எஃப்.எஃப்.' என்று எழுதினால் என்றென்றைக்கும் உற்ற தோழி என்று பொருள். இவற்றைக் கேட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பெண் கொடுக்காத, பெண் எடுக்காத ஒருவனை 'மச்சான்' என்று அழைத்துத் திரிந்த தலைமுறைதான் இப்படி முகம் சுளிக்கிறது என்பதையும் சொல்லிவைப்போம்.

எந்த மொழியிலும் நெருங்கிய நண்பரைக் குறிக்கும் சொற்கள் முதலில் தெருவிலும் திண்ணையிலும்தான் பிறக்கின்றன. ஆங்கிலத்தில் இப்படிப் பிறந்த சொற்கள் பல உண்டு. அவற்றின் வேரைத் தோண்டினால் நமக்கே ஒரு மறையுரை கிடைக்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வாய்க்கு வாய் 'மேட்' என்கிறார்கள். பேருந்து ஓட்டுநரும் மேட், பக்கத்து வீட்டுக்காரரும் மேட். 2005-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கட்டடத்தில் காவலர்கள் யாரையும் மேட் என்று அழைக்கக் கூடாது என ஓர் உத்தரவு போட்டார்கள். நாடே கொதித்தது. மறுநாளே உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தச் சொல் இடைக்கால வடஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேரில் இருப்பது உணவு. இறைச்சியைக் குறிக்கும் 'மீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவு. அந்தக் காலத்தில் அது எல்லா உணவுக்கும் பொதுவான சொல். ஆகவே மேட் என்றால் ஒரே பந்தியில் உண்பவர். 'கம்பேனியன்' என்பதும் அப்படியே. இலத்தீனில் 'பானிஸ்' என்றால் அப்பம். உடன் அப்பம் உண்பவர்தான் கம்பேனியன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பீடத்திலிருந்து அப்பம் பெறும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

'ச்சம்' என்றொரு சொல். இது 17-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் பேசிய பேச்சு. அறை என்று பொருள்படும் 'சேம்பர்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அதாவது அறைத்தோழன். விடுதியில் படித்தவர்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

அடுத்த சொல்லில் நாம் கொஞ்சம் நின்று போக வேண்டும். 'பென் பால்' என்று கடிதத் தோழமையைச் சொல்கிறோம் அல்லவா, அந்தப் 'பால்'. கறக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ரோமானி மக்களின் சொல். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டு, நாடு நாடாக நடந்து, ஐரோப்பா எங்கும் பரவிய மக்கள் அவர்கள். ஜிப்ஸிகள் என்று பிறர் அழைத்தார்கள். அவர்கள் மொழியில் 'ப்ரால்', 'பால்' என்றால் சகோதரன். சமஸ்கிருதத்தின் 'பிராதா' என்ற சொல்லின் வழி வந்தது. 1680-களில் அது ஆங்கிலத்தில் எழுத்தில் தென்படத் தொடங்குகிறது.

எப்படிப்பட்ட நாட்டில் இந்தச் சொல் நுழைந்தது என்று பாருங்கள். 1530-இல் எட்டாம் ஹென்றி அரசர் இந்த மக்களை நாட்டைவிட்டே வெளியேறச் சொல்லிச் சட்டம் போட்டார். 1554-இல் அவர் மகள் மேரி அரசியின் காலத்தில் வெளியேறாமல் தங்கினால் மரண தண்டனை என்று சட்டம் கடுமையானது. மேரி நம் கத்தோலிக்க அரசி என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சகோதரனை ஏற்றுக்கொள்ளாத நாடு சகோதரன் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்றுவரை வைத்தும் இருக்கிறது.

அந்த மக்களிலிருந்து வந்த ஒருவரைத் திரு அவை பீடத்தில் ஏற்றியது. செஃபெரினோ ஹிமெனெஸ் மாலா என்பவர், ஸ்பெயின் நாட்டில் குதிரை, கோவேறு கழுதை வாங்கி விற்ற வியாபாரி. 1936-இல் உள்நாட்டுப் போரின்போது பார்பாஸ்த்ரோ நகரில் ஓர் இளம் குருவை இழுத்துச் சென்றார்கள். அதைத் தட்டிக்கேட்டதற்காக இவரையும் சிறையில் அடைத்தார்கள். கையிலிருந்த செபமாலையைக் கொடுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள். அவர் கொடுக்கவில்லை. சுட்டுக் கொன்றார்கள். 1997-இல் திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக உயர்த்தினார். ரோமானி மக்களில் அந்த நிலைக்கு உயர்ந்த முதல் மனிதர் அவரே. சகோதரன் என்பதற்கு அவர் மொழியில் என்ன பொருளோ, அதை அவர் செய்து காட்டிவிட்டார்.

நண்பர்களே, சொற்கள் வளர்வது போலவே கெட்டும் போகின்றன. 'க்ரோனி' என்ற சொல் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. கிரேக்கம் படித்த பிள்ளைகள், காலம் என்று பொருள்படும் 'க்ரோனோஸ்' என்பதிலிருந்து அதைச் செய்துகொண்டார்கள். நெடுநாள் நண்பன் என்று பொருள். வள்ளுவர் 'பழைமை' என்று ஓர் அதிகாரமே வைத்தாரே, அந்தப் பழைமைதான் இது. எவ்வளவு நல்ல சொல்! ஆனால் இன்று செய்தித்தாளில் அந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது? ஊழல் பற்றிய பக்கத்தில் வருகிறது. பதவியில் இருப்பவரின் நட்பால் கொழுப்பவர்களுக்கு இப்போது அது பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டில் மார்க்கோஸ் ஆட்சியில் சர்க்கரை, தேங்காய் வணிகம் முழுவதும் அதிபரின் நண்பர்கள் கைக்குப் போனது. கூட்டாளி முதலாளித்துவம் என்று பொருள்படும் சொற்றொடர் அதை ஒட்டித்தான் 1980-களில் உலகெங்கும் பரவியது. அந்த ஆட்சிக்கு முடிவு வந்ததில் ஒரு வானொலிக்கும் பங்கு உண்டு. 1986 பிப்ரவரி 22 இரவு, கர்தினால் ஹைமே சின், வேரித்தாஸ் வானொலியில் பேசி, எதிர்த்து நின்ற வீரர்களைக் காக்க மக்களை வீதிக்கு அழைத்தார். அவர்களுக்கு உணவு கொண்டுபோகச் சொன்னார். மக்கள் செபமாலையோடும் சோற்றுப் பொட்டலத்தோடும் டாங்கிகளுக்கு முன்னால் போய் நின்றார்கள். வேரித்தாஸ் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த நம் நேயர்கள் பலருக்கு அந்தப் பெயர் வீட்டுப் பெயர் போலத்தான்.

இனி நம் பங்குகளை நேராகத் தொடும் சொல்லுக்கு வருவோம். 'காசிப்'. இது எல்லாருக்கும் தெரிந்த சொல். வம்பு, புறணி, கிசுகிசு. திருப்பலி முடிந்து கோவில் வாசலில் பத்து நிமிடம் நின்றாலே இதன் பொருள் விளங்கிவிடும். ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது இதற்கு என்ன பொருள் தெரியுமா? ஞானப்பெற்றோர்!

பழைய ஆங்கிலத்தில் 'காட்' என்றால் கடவுள். 'சிப்' என்றால் உறவு. உடன்பிறந்தோரைச் 'சிப்லிங்' என்று சொல்வதில் அது இன்றும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 'காட்சிப்': கடவுளால் உறவானவர். திருமுழுக்குத் தொட்டியருகே நின்று ஒரு குழந்தைக்காக வாக்குக் கொடுத்தவர், இரத்தத்தால் இல்லாமல் கடவுளால் அந்தக் குடும்பத்துக்கு உறவாகிறார். 1014-இல் யார்க் பேராயர் உல்ஃப்ஸ்தான் ஆற்றிய புகழ்பெற்ற மறையுரையில் இந்தச் சொல் வருகிறது. டேனியர் படையெடுப்பால் நாடு சிதறிக்கிடந்த நேரம் அது. மக்களின் பாவங்களை அடுக்கிக்கொண்டே போகும் பேராயர், இந்த நாடெங்கும் ஞானப்பெற்றோரும் ஞானப்பிள்ளைகளும் அளவுக்கு மிஞ்சி அழிக்கப்பட்டார்களே என்று புலம்புகிறார். ஞான உறவைக் கெடுப்பது அவருக்குப் பெரும் பாவமாகத் தெரிந்திருக்கிறது.

அந்த உறவு அவ்வளவு நெருக்கமாக இருந்ததால், காலப்போக்கில் நெருங்கிய நண்பர் எவரையும் அந்தச் சொல்லால் அழைத்தார்கள். குறிப்பாக, பேறுகாலத்தில் தாயின் அருகில் இருக்க வரும் பெண்களுக்கு அது பெயரானது. வலி எடுத்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அவர்கள். விழித்திருந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் அடுத்த வீட்டுக் கதையும் வரும். இப்படியாக, உறவைக் குறித்த சொல் நண்பரைக் குறித்து, நண்பரைக் குறித்த சொல் பேச்சைக் குறித்து, கடைசியில் வெறும் வம்புப் பேச்சாக நின்றுவிட்டது. கையைப் பிடித்திருந்தது மறந்துபோயிற்று. வாய் மட்டும் மிஞ்சியது. ஆண்களின் பேச்சுக்கு இப்படி ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். டீக்கடையில் நடப்பது மட்டும் என்ன, மறைக்கல்வியா?

திருத்தந்தை பிரான்சிஸ், 2020 செப்டம்பரில், பெருந்தொற்று உச்சத்தில் இருந்த நாள்களில், மூவேளை செப உரையில் புறணியைக் கொரோனாவிலும் மோசமான கொள்ளைநோய் என்றார். நாம் அதைக் கேட்டு, பக்கத்தில் இருப்பவருக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம்.

ஆனால் இன்று நம் கவலை புறணியைப் பற்றியதன்று. சொல் தேய்ந்ததுபோல அந்த உறவும் நம்மிடம் தேய்ந்துகொண்டிருக்கிறது. திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வருகிறார்கள். ஞானத்தந்தை யார் என்று கேட்டால், கல்ஃபில் இருக்கிறார், அன்றைக்கு வந்துவிடுவார், சங்கிலி போடுகிறார் என்கிறார்கள். திருச்சபைச் சட்டம் கேட்பது வேறு. பதினாறு வயது நிறைந்தவர், உறுதிபூசுதல் பெற்றவர், நற்கருணை வாங்குபவர், விசுவாசத்துக்கு ஏற்ப வாழ்பவர். 874-ஆம் எண் இதைத்தான் சொல்கிறது. சங்கிலியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. 1983 வரை நடப்பிலிருந்த பழைய சட்டத்தில், ஞானப்பெற்றோருக்கும் ஞானப்பிள்ளைக்கும் இடையே திருமணம் செல்லாது என்று இருந்தது. அதாவது திரு அவை அதை அசல் உறவாகவே எண்ணியது. இன்று நம் இளைஞர்களிடம், உன் ஞானத்தாய் யார் என்று கேட்டால் பாதிப் பேர் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள். பெஸ்டி யார் என்று கேட்டால் உடனே ஏழு பெயர் வருகிறது. 'பெஸ்ட்' என்றால் ஒன்றுதான் இருக்க முடியும் என்று ஆங்கில ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கில் ஒருவர் ஐயாயிரம் நண்பர்கள்வரை வைத்துக்கொள்ளலாம். நட்பிலிருந்து ஒருவரை நீக்குவதற்கென்றே வந்த 'அன்ஃப்ரெண்ட்' என்ற சொல்லை 2009-இல் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. விரலால் சேர்த்து விரலால் நீக்கும் உலகில் அவர்கள் வளர்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு மனம் உடைந்து கிடக்கும் பிள்ளை, அந்த ஏழு பெயரில் யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்து, யாரையும் கூப்பிடாமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறது. இது நம் வீடுகளில் நடக்கிறது. காலையில் பெற்றோருக்குத் தெரிவதில்லை. அந்த நேரத்தில் கூப்பிட, பெற்றோர் அல்லாத, ஆனால் விட்டுப் போகாத ஒரு பெரியவர் வேண்டும். அப்படி ஒருவரைத் திரு அவை அந்தப் பிள்ளைக்குக் கைக்குழந்தையாய் இருக்கும்போதே கொடுத்திருக்கிறது. அவரைத்தான் காணவில்லை.

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். கிரேக்க விவிலியத்தில் நண்பர் என்பதற்கு இரண்டு சொற்கள் வருகின்றன. இன்றைய வாசகத்தில் ஆண்டவர் சொல்வது 'ஃபிலோஸ்', அன்பு செய்யப்படுபவர். இன்னொன்று 'ஹெத்தைரோஸ்', உடன் இருப்பவர், கூட்டாளி. மத்தேயு நற்செய்தியில் இந்த இரண்டாவது சொல்லால் மூன்று பேர் அழைக்கப்படுகிறார்கள். கூலி போதவில்லை என்று முணுமுணுத்த திராட்சைத் தோட்டத் தொழிலாளி, திருமண உடை இல்லாமல் விருந்துக்கு வந்தவர், கெத்சமனியில் முத்தமிட வந்த யூதாசு. நம் பொது மொழிபெயர்ப்பு அந்த இடங்களில் 'தோழர்' என்றும், யோவானில் 'நண்பர்' என்றும் வேறுபடுத்தியிருக்கிறது. ஆங்கில விவிலியங்கள் பலவற்றில் இரண்டுக்கும் 'ஃப்ரெண்ட்' என்ற ஒரே சொல்தான்.

யூதாசு ஒரே பந்தியில் உண்டவன். ஒரே பாத்திரத்தில் கை நனைத்தவன். ஆங்கிலச் சொற்களின்படி பார்த்தால் அவன் மேட், கம்பேனியன், மூன்றாண்டு கூட நடந்த க்ரோனி. பந்தியும் அறையும் காலமும் பகிர்ந்தாயிற்று. ஆயினும் அவன் நண்பன் ஆகவில்லை. ஏன்? ஆண்டவர் நண்பருக்கு வைக்கும் அடையாளம் இன்றைய வாசகத்திலேயே இருக்கிறது. தந்தையிடம் தாம் கேட்ட எல்லாவற்றையும் அவர்களுக்குத் தெரியப்படுத்தினார். மறைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. யூதாசோ மறைக்க ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தான்.

அதே பந்தியில் அன்புச் சீடர் ஆண்டவரின் மார்பருகே சாய்ந்திருந்தார். 'கோல்பொஸ்', மடி அல்லது மார்பு என்னும் கிரேக்கச் சொல் அங்கே வருகிறது. யோவான் அதை இன்னோரிடத்தில்தான் பயன்படுத்துகிறார். முதல் அதிகாரத்தில், மகன் தந்தையின் நெஞ்சருகே இருக்கிறார் என்று சொல்லும் இடத்தில். ஆங்கிலத்தில் உயிர்நண்பரைப் 'புஸம் ஃப்ரெண்ட்' என்பார்கள், நெஞ்சு நண்பர். தந்தையிடம் தமக்கு இருந்த இடத்தை மகன் ஒரு மீனவருக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

பேதுருவை மறந்துவிடக் கூடாது. உமக்காக உயிரையும் கொடுப்பேன் என்று அன்றிரவு வாக்குக் கொடுத்தவர், விடிவதற்குள் மூன்று முறை மறுதலித்தார். இன்றைய மொழியில் சொன்னால், அன்ஃப்ரெண்ட் செய்தார். ஆண்டவர் அப்படிச் செய்யவில்லை. உயிர்த்தபின் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடித்த பின்தான் கேள்வி. மூன்று முறை கேட்கிறார். முதல் இரண்டு முறை ஒரு வினைச்சொல். மூன்றாம் முறை, 'ஃபிலோஸ்' என்பதோடு ஒரே வேரில் பிறந்த வினைச்சொல்: நீ எனக்கு நண்பனா என்பதுபோல. இரண்டு சொற்களுக்கும் வேறுபாடு இல்லை என்று சொல்லும் விவிலிய அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். ஆனால் பேதுரு கலங்கியது அந்த மூன்றாம் கேள்வியில்தான்.

பேதுரு ஆம் என்றதும் ஆண்டவர் கட்டிப்பிடித்துக்கொண்டதாக யோவான் எழுதவில்லை. ஆட்டுக்குட்டிகளை அவர் கையில் ஒப்படைத்தார் என்றே எழுதுகிறார். நட்பை ஒப்புக்கொண்டவருக்கு உடனே கையில் ஒரு குட்டி கொடுக்கப்படுகிறது. திருமுழுக்குத் தொட்டியருகே நாம் நின்றபோதும் அதுதான் நடந்தது.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. உங்கள் பெயருக்கு நேரே ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர் எழுதியிருக்கும். பெயர் தெரியாதவர்கள் போய்க் கேளுங்கள். குருக்கள் எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் உயிரோடு இருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். அநேகமாக வயதாகி, திண்ணையில் தனியே உட்கார்ந்திருப்பார்கள். இறந்திருந்தால் கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். நீங்களே யாருக்காவது ஞானப்பெற்றோராக நின்றிருந்தால், அந்தப் பிள்ளையின் ஃபோன் எண் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்று மாலைக்குள் வாங்கிவிடுங்கள். கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.